பழைய திங்க்பேட் திரையைக் கழற்றிவிட்டு ஃபுல் எச்டி போடலாமா? வீட்டிலேயே முடியுமா?

தண்டையார்பேட்டை டிசைன்:

வணக்கம். என்னிடம் இருப்பது லெனோவா திங்க்பேட் டி440பி. 14 இன்ச், நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்டதை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெஷின்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், கீபோர்டுக்கு மட்டுமே கொடுத்த காசு சரியாகிவிட்டது. திரைதான் தாங்கவில்லை. 1366×768 புள்ளிதான், ஃபுல் எச்டி என்றால் 1920×1080.

நான் செய்வது ஆண்டர்சன் தெரு கடைகளுக்குப் பத்திரிகை டிசைன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு எல்லாம் வரும். கோரல்டிராவைத் திறந்தால் மேலே டூல்பார், பக்கத்தில் கலர் பட்டை, கீழே டாஸ்க்பார் எல்லாம் போக மிஞ்சுகிற இடத்தில் பத்திரிகையின் ஒரு பக்கம்கூட முழுசாக நிற்காது. ஜூம் குறைத்தால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று பட்டியல் நீளும் பத்திரிகைகளில் ண எது ன எது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி கலர். நேராக உட்கார்ந்து பார்த்தால் அரக்கு, கொஞ்சம் நிமிர்ந்தால் அதே அரக்கு வெளிறிப்போய் ஆரஞ்சுப் பக்கம் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் சுற்றி நின்று பார்க்கும்போது ஆளுக்கு ஒரு கலர் தெரியும், எல்லாரும் தலையாட்டுவார்கள், அச்சாகி வந்ததும் "நாங்க பார்த்தது இது இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள்.

ஒரு கடையில் கேட்டேன், "ஃபுல் எச்டி இதுல ஏறாது, இதே மாதிரி வேற ஒண்ணு வேணா போட்டுத் தரேன்" என்றார்கள். இன்னொரு கடையில் ஏறும் என்றார்கள், லேபரோடு ஏழாயிரம். யாரை நம்புவது? ராம், எஸ்எஸ்டி எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன், திரையைக் கழற்றிப் பழக்கம் இல்லை. கேபிளும் சேர்த்து மாற்ற வேண்டுமா? பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற அமைப்பு) ஏதாவது செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்ட் ரோடு மன்னாரு:

ப்ரோ, குறுக்கே வருகிறேன் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்த நிலைமையில் அதன் தலைமேல் இன்னும் ஐயாயிரம், ஆறாயிரம் போடுவதா? அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து 22 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கி மேசையில் வைத்தால் நாளைக்கு லேப்டாப் போனாலும் மானிட்டர் நிற்கும். டி440பியில் எச்டிஎம்ஐ இருக்காது, விஜிஏவும் மினி டிஸ்பிளேபோர்ட்டும்தான். மினி டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு ஒரு கன்வெர்டர் வாங்கினால் வேலை முடிந்தது.

பெரம்பூர் சர்வீஸ்:

மானிட்டர் யோசனை தப்பில்லை, ஆனால் தம்பி லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய வேலை செய்கிறார், மானிட்டரை ஆண்டர்சன் தெருவுக்குத் தூக்கிப் போக முடியாது. டி440பியையும் அவ்வளவு சீக்கிரம் கழித்துவிட வேண்டாம். அதில் பிராசசரே சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மாற்றலாம், ராம் 16 ஜிபி வரை ஏற்றலாம். இப்போது வருகிற லேப்டாப் எத்தனையில் இது முடியும்?

தம்பி, முதல் கடையில் சொன்னது சரியில்லை. இந்த மாடலை லெனோவா 1366×768, 1600×900, 1920×1080 என்று மூன்று விதத் திரையோடு விற்றது. பேனல், அதாவது திரைத் தகடு, மாறினாலும் மதர்போர்டு அதை எதிர்பார்த்தே செய்தது. பயாஸில் ஒன்றும் தொட வேண்டாம். இந்தத் தலைமுறை திங்க்பேடில் பயாஸ் தடுப்பது வைஃபை கார்டைத்தான், திரையை இல்லை.

ஆனால் கடைக்காரர்கள் ஏன் பட்டென்று "ஏறாது" என்று சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வேறு பல லேப்டாப்பில் உண்மையாகவே ஏறாது, அல்லது ஏறியும் வேலை செய்யாது. காரணம் கேபிள். இந்தத் திரைகள் இடிபி என்ற இணைப்பில் வேலை செய்கின்றன. அதில் ஒரு லேனில், அதாவது ஒரு டேட்டா வழியில், நொடிக்கு 2.7 ஜிகாபிட் போகும், என்கோடிங்குக்குக் கழிந்து கையில் நிற்பது 2.16. 1366×768 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் ஒன்றரை ஜிகாபிட்கூட வேண்டாம், அதனால் ஒரு லேன் தாராளம். 1920×1080 என்றால் புள்ளிகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு, 10 லட்சத்து 49 ஆயிரத்திலிருந்து 20 லட்சத்து 73 ஆயிரம். நிறத்துக்கு 6 பிட் மட்டும் வைக்கிற பேனலுக்கே இரண்டரை ஜிகாபிட் கேட்கும். அப்போது இரண்டு லேன் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்க ஒரு லேனுக்கு மட்டும் வயர் இழுத்த கேபிளைப் போட்டிருப்பான். பேனலில் மாட்டுகிற முனையில் அதே 30 பின் கனெக்டர்தான் இருக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. புதுப் பேனலை மாட்டினால் கறுப்பாக நிற்கும், ஆள் பேனலைத்தான் சந்தேகப்படுவார். அந்த மாதிரி மெஷினில் ஃபுல் எச்டி மாடலுக்கான கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும், அதற்கு மதர்போர்டு வரை பிரிக்க வேண்டும். டி440பியில் அந்தத் தொல்லை இல்லை, இருக்கிற கேபிளே போதும். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு "அங்கே போட்டார்கள், எனக்கும் ஆகும்" என்று கிளம்ப வேண்டாம்.

முதலில் பெசலை, அதாவது திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தை, கழற்றிப் பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சாஃப்ட்வேரிலும் பேர் தெரியும், ஆனால் ஸ்டிக்கர்தான் கடைசி வார்த்தை. அதில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. எல்ஜி பேனலில் எல்பி140 என்று ஆரம்பித்து டபிள்யூஎச் வந்தால் 1366, டபிள்யூடி வந்தால் 1600, டபிள்யூஎஃப் வந்தால் 1920. ஏயூஓ என்றால் பி140-க்குப் பிறகு எக்ஸ்டிஎன் என்பது 1366, ஆர்டிஎன் 1600, எச்டிஎன் 1920 ஆனால் டிஎன் வகை (பார்க்கும் கோணம் மாறினால் கலர் மாறும்), எச்ஏஎன் என்றால் 1920, ஐபிஎஸ் மாதிரியான வகை (கோணம் மாறினாலும் கலர் நிற்கும்). இன்னோலக்ஸில் என்140பிஜிஇ பழைய எச்டி, என்140எச்ஜிஇ ஃபுல் எச்டி டிஎன், என்140எச்சிஇ ஃபுல் எச்டி ஐபிஎஸ். பிஓஇ பேனலில் என்டி140 டிஎன், என்வி140 ஐபிஎஸ் வகை.

இதில் முக்கியம் கடைசியில் வரும் வகைதான். நிமிர்ந்தால் அரக்கு ஆரஞ்சாகிறது என்று சொன்னீர்களே, அது ரெசல்யூஷன் குறைவதால் வருவது இல்லை, டிஎன் பேனலின் குணம். ஃபுல் எச்டி டிஎன் வாங்கினால் புள்ளி தெரியும், கலர் சண்டை அப்படியே நிற்கும். கடையில் "ஃபுல் எச்டி குடுங்க" என்று மட்டும் கேட்டால் சில சமயம் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

ராயபுரம் புரூஃப்:

நான் பாடப்புத்தக புரூஃப் பார்க்கிறவள், இதே மாற்றத்தை ஒரு டி440பியில் செய்து வைத்திருக்கிறேன், அதனால் பார்வை சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்த மாற்றம் ஆங்கிலம் படிக்கிறவர்களைவிட அதிகமாகத் தெரியும். நம் எழுத்தில் சுழிதானே எல்லாம். 14 இன்சில் 1366 என்றால் ஒரு இன்சுக்கு 112 புள்ளி, 1920 என்றால் 157. ணுவும் னுவும், ழுவும் மூவும் சின்ன சைஸில் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து நிற்கும்.

ஆனால் ஒரு விஷயம் யாரும் முதலில் சொல்வதில்லை. மாற்றிப் போட்டதும் மெனு, ஐகான் எல்லாம் குட்டியாகிவிடும். விண்டோஸில் 125 சதவீதம் வைத்தால் கண்ணுக்கு வசதி, ஆனால் அப்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1536×864 அளவுதான். அதாவது எழுத்து கூர்மையாகும், மேசை நினைத்த அளவுக்குப் பெரிதாகாது. 100 சதவீதத்தில் வைத்தால்தான் இடம் முழுசாகக் கிடைக்கும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது ஒத்துவராது. பழைய கோரல் பதிப்பு வைத்திருந்தால் 125-இல் சில டயலாக் பெட்டிகள் மங்கலாகத் தெரியும், அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் கம்பாட்டிபிலிட்டி செட்டிங்கில் டிபிஐ (அளவு கூட்டும் விதம்) மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, ஐபிஎஸ் எல்லாம் ஒன்றில்லை. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி என்ற அளவில் சொல்வார்கள், அதில் 45 சதவீதப் பேனலும் இருக்கிறது, 72 சதவீதமும் இருக்கிறது. எனக்குக் கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், 45 போதும். உங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் வேண்டும், 72-க்குப் போங்கள். அது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான திரை நிறத் தொகுப்பு முழுவதையும் காட்டும். 45-இல் சிவப்பு செங்கல் நிறமாக உட்கார்ந்திருக்கும்.

தண்டையார்பேட்டை டிசைன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. பெசலைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்டிக்கரில் பி140எக்ஸ்டிஎன் என்றுதான் இருக்கிறது, அண்ணன் சொன்ன அதே எச்டி டிஎன். சனிக்கிழமை மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம் கழற்றி மாட்டுவதில் எந்த இடத்தில் உடையும், எதைத் தொடக் கூடாது, அதையும் சொல்லிவிட்டால் தைரியமாகக் கை வைப்பேன்.

மன்னாரு ப்ரோ, மானிட்டரும் வாங்கத்தான் போகிறேன், தை மாதக் கல்யாண சீசன் காசு வரட்டும்.

பெரம்பூர் சர்வீஸ்:

வாங்குவதற்கு: 14 இன்ச், 1920×1080, ஐபிஎஸ், இடிபி 30 பின், மேட் (பளபளக்காதது). இத்தனையும் சொல்லிக் கேளுங்கள். 40 பின் என்று எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். 40 பின்னில் இடிபிக்கு முந்தைய எல்விடிஎஸ் இணைப்புப் பேனலும் உண்டு, டச் பேனலும் உண்டு, 4கே பேனலும் உண்டு, எதுவும் உங்களுக்கு ஆகாது. நம்பராகக் கேட்க வேண்டுமானால் என்140எச்சிஇ-இஎன்1 என்று கேளுங்கள், 72 சதவீதம், டி440பியில் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். எல்பி140டபிள்யூஎஃப்3 என்பது லெனோவாவே போட்ட பேனல், அதுவும் பொருந்தும்.

ஸ்குரூ போடும் காது (பக்கத்தில் நீட்டியிருக்கும் தகடு) இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்களுக்கு வரும் பேனலில் பக்கத்துத் தகடே இருக்காது, டேப்பில் ஒட்டுகிற வகை. டி440பியில் ஸ்குரூ போட இடம் வேண்டும். கனெக்டர் இருக்கும் இடமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் பழைய பேனலைப் பின்பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

கழற்றிய பேனலைத் துடைத்துப் புது ஃபிலிம் ஒட்டிப் புதுசு என்று கொடுப்பதும் நடக்கிறது. கனெக்டரின் தங்க நிறப் பின்களில் கீறல் இருக்கிறதா, ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, பாருங்கள், தெரிந்துவிடும். விலை பேசுவதற்கு முன் லேப்டாப்பில் மாட்டி எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு மூன்று படம் போனில் இல்லாமல் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டு போங்கள், டெட் பிக்சல் அதில்தான் மாட்டும். காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம், பக்கத்திலேயே பத்துக் கடை இருக்கிறது.

மாட்டுவதற்கு: சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியைக் கழற்று, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி. இதைத் தாண்டிப் போகாதே தம்பி, மற்றது எல்லாம் பிறகு. டி440பியில் பேட்டரி வெளியே வந்துவிடும், அதோடு முடிந்தது. டி440, டி440எஸ் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே இன்னொரு பேட்டரி இருக்கிறது, பயாஸில் போய் அதை டிசேபிள் செய்த பிறகே திறக்க வேண்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த மெல்லிசு கேபிளில் டேட்டா மட்டும் போவதில்லை, பேக்லைட்டுக்கான (திரைக்கு உள்ளே எரியும் விளக்கு) கரண்டும் போகிறது, அடாப்டர் வோல்டேஜ் அப்படியே, 20 வோல்ட் வரை. கரண்ட் இருக்கும்போது கனெக்டரைக் கோணலாகச் செருகினால் பக்கத்துப் பின்னில் பட்டு மதர்போர்டில் இருக்கிற அரிசி முனை சைஸ் ஃபியூஸ் போய்விடும். என்னிடம் "புதுத் திரை போட்டேன், படமே வரவில்லை" என்று வருகிற போர்டுகளில் இந்தக் கேஸ் நிறைய. டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், பேக்லைட் மட்டும் இருக்காது. ஃபியூஸ் சின்னக் காசு, அதை மாற்றும் கூலி பெரிய காசு.

பெசலின் கீழ் மூலைகளில் சின்ன மூடி ஒட்டியிருக்கும், அடியில் ஸ்குரூ. அதை எடுத்தபின் பிளாஸ்டிக் ஓப்பனரோ பழைய ஏடிஎம் கார்டோ போதும், ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினால் தழும்பு விழும். கிளிப் படக் படக் என்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம். பேனல் ஸ்குரூ நாலையும் எடுத்ததும் பேனலை அப்படியே முன்னால் சாய்த்து கீபோர்டின் மேல் ஒரு துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். கேபிள் இன்னும் மாட்டியிருக்கும், இழுக்காதீர்கள். கனெக்டர் மேல் ஒட்டியிருக்கும் டேப்பை மெதுவாக உரித்து, கம்பி மாதிரி லாக் இருந்தால் தூக்கிவிட்டு, கனெக்டரைப் பேனலின் மட்டத்திலேயே பின்னால் இழுக்க வேண்டும், மேல்நோக்கி இல்லை.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி கடல் காற்று அடிக்கிற வீட்டில் வருஷக்கணக்காக இருந்த மெஷின் என்றால் கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.

ஸ்குரூ போடாமல் முதலில் எரியவிடுங்கள். சரியாக இருந்தால் மறுபடி பேட்டரி எடுத்துவிட்டு ஸ்குரூ, கடைசியில் பெசல்.

தண்டையார்பேட்டை டிசைன்:

போட்டாகிவிட்டது! அண்ணன் சொன்ன இன்னோலக்ஸ் 72 சதவீதமே கிடைத்தது, முதலில் கேட்ட ஏழாயிரத்தைவிட நன்றாகக் குறைவு. ஒரு கடையில் ஐபிஎஸ் என்று சொல்லி எச்ஜிஇ என்று எழுதியதை நீட்டினார்கள், நம்பரைப் படித்ததும் "அட, இது வேற பாக்ஸ்" என்று உள்ளே எடுத்துப் போனார்கள்.

அரக்கு இப்போது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அரக்குதான். 100 சதவீதத்திலேயே வைத்திருக்கிறேன், அக்கா சொன்ன மாதிரி மெனு குட்டிதான், பழகிவிடும் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: திரை கறுப்பாக இருக்கும்போது கீழே வலது மூலையில் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. பேனல் கோளாறா?

பெரம்பூர் சர்வீஸ்:

அந்த மூலை ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், இறுக்கம் அதிகமானால் அப்படிக் கசியும். கேபிள் பேனலுக்குப் பின்னால் மடங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கசிந்தால் அது ஐபிஎஸ் பேனலில் ஓரளவு இருக்கிறதுதான், வேலை செய்யும்போது கண்ணில் படாது.

ராயபுரம் புரூஃப்:

தம்பி, ஸ்கிரீனில் அரக்கு சரியானதும் அச்சிலும் அப்படியே வரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தங்க ஃபாயில் எந்தத் திரையிலும் தெரியாது. பழைய அச்சு சாம்பிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:

நடுவில் நுழைகிறேன். என்னிடம் டி430. அதற்கும் இதே பேனல் போட்டுவிடலாமா அண்ணா?

பெரம்பூர் சர்வீஸ்:

ஆகாது. டி430 எல்விடிஎஸ் மெஷின், இடிபி இல்லை. அதில் லெனோவா கொடுத்ததே அதிகபட்சம் 1600×900. ஃபுல் எச்டி வேண்டும் என்றால் நடுவில் ஒரு கன்வெர்டர் போர்டு வைக்கிற கிட் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், பேனல் விலையோடு அதையும் கூட்டினால் நீங்கள் செகண்ட் ஹேண்டில் வேறு லேப்டாப் தேடுவதே மேல். எக்ஸ்230 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், போர்டில் சால்டரிங் வைக்க வேண்டும். இடம் கூடினால் போதும் என்றால் 1600×900 எல்விடிஎஸ் பேனலாகத் தேடுங்கள். அதுவும் டிஎன்தான், கலருக்காக வாங்காதீர்கள்.